துளைக் காசு

"இந்த டப்பாவுல பன்னெண்டு காசு இருக்கு டெஸ்மண்ட். எண்ணிப் பாத்துக்கோ."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் தெல்மா."

"மத்த பதினொண்ணு போனாக்கூட வேற வாங்கிக்கலாம். இந்தத் துளைக் காசு அப்படியில்ல. எங்க அப்பா ரெண்டாம் உலகப் போர்ல நியூ கினி சண்டைக்குக் கழுத்துல கட்டிட்டுப் போய், உயிரோட திரும்பி வந்த காசு. அது மட்டும் காணாமப் போச்சு..."

"போகாது தெல்மா."

"போச்சுன்னா நான் இந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன். செத்தாலும் மிதிக்க மாட்டேன்."

"யார் செத்தாலும்?"

"அது அப்பப் பாத்துக்கலாம்."

மனைவியின் அக்கா தெல்மாவோடு இந்தப் பேச்சு நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இப்போது ஆஸ்திரேலியாவின் பெண்டிகோ கடைத்தெருவில், 'பழைய வெள்ளி வாங்குகிறோம்' என்ற பலகைக்குக் கீழே நின்றுகொண்டு, டெஸ்மண்ட் அதை வார்த்தை வார்த்தையாக நினைத்துப் பார்த்தார். வெயில் கொளுத்தியது. அவருக்கோ குளிரடித்தது.

அன்று காலையில்தான் விஷயம் தெரிந்திருந்தது.

"ஞாயித்துக்கிழமை கிறிஸ்துமஸ் புட்டிங்கைத் துணியில கட்டி வேகவைக்கணும்" என்று மாவு சலித்தபடியே மனைவி நோரீன் சொல்லியிருந்தாள். "அக்கா குடுத்த டப்பா ஒரே துரு. அதனால காசையெல்லாம் துணியில முடிஞ்சு, உங்க அம்மாவோட வெள்ளிக் கடுகுக் கிண்ணத்துல போட்டு வச்சேன். அன்னைக்கு அதை எடுத்துக் குடு."

டெஸ்மண்ட் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தார்.

ஏனென்றால் அந்தக் கடுகுக் கிண்ணம் வீட்டில் இல்லை. போன வாரமே அதையும், அம்மாவின் கறுத்துப்போன முள்கரண்டிகளையும், உடைந்த வெள்ளிப் புகைப்படச் சட்டத்தையும் ஒரு பையில் போட்டு இதே கடையில் விற்றுவிட்டிருந்தார். எல்லாம் நோரீனுக்காகத்தான். டிசம்பர் வெயிலில் அடுப்படியில் ஆறு மணி நேரம் நின்று புட்டிங் வேகவைக்கிறவளுக்கு, கிறிஸ்துமஸ் அன்று காலையில் ஒரு ஏர் கூலரைக் கொண்டுவந்து முன்னால் வைத்து அசத்த வேண்டும் என்று ஆசை. கூலர் வாங்கியும் ஆகிவிட்டது. கொல்லைக் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது.

விற்கும்போது கிண்ணத்துக்குள் காசு முடிச்சு இருந்ததை அவரும் பார்த்தார். ஆனால் அவர் அம்மாவும், கிடைக்கிறவருக்கு அதிர்ஷ்டம் என்று புட்டிங்கில் வெள்ளிக் காசு போட்டவள்தானே? அந்த ஊரில் எந்த வீட்டு அலமாரியைத் திறந்தாலும் பழைய மூன்று பென்ஸ் காசுகள் ஒரு கைப்பிடி இருக்கும். இப்போதைய காசு புட்டிங்கில் வெந்தால் பச்சை பிடித்துவிடும் என்று பழைய வெள்ளிக் காசையே வருஷா வருஷம் போட்டு, சாப்பாடு முடிந்ததும் திரும்ப வாங்கிக் கழுவி வைப்பார்கள். தெல்மாவின் காசு டப்பாவில் இருக்கிறது, இது அம்மாவுடையது என்று டெஸ்மண்ட் நினைத்துக்கொண்டார்.

கடைக்காரர் பாப்பாஸ் அவரைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லானார். "வாங்க தலைவரே! இன்னும் வெள்ளி இருக்கா?"

"விக்க வரலை. வாங்க வந்திருக்கேன். போன வாரம் குடுத்தேனே, அந்தக் காசெல்லாம் திரும்ப வேணும்."

பாப்பாஸ் மேஜை மேலிருந்த கூடையைத் தள்ளினார். அதில் சிவப்பு ரிப்பன் கட்டிய சின்னச் சின்ன வலைப் பைகள். ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு காசு. 'கிறிஸ்துமஸ் புட்டிங் காசு' என்று அழகாக எழுதியிருந்தது.

"இதுல எந்தப் பையில வேணா இருக்கலாம். கலந்துட்டேன்."

விலையைப் பார்த்த டெஸ்மண்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அது மாறவில்லை.

"இது நீங்க எனக்குக் குடுத்ததைப் போல ஆறு மடங்கு!"

"அன்னைக்கு அது வெள்ளி. எடை போட்டு வாங்கினேன். இன்னைக்கு அது புட்டிங் காசு."

"நடுவுல என்ன ஆச்சு அதுக்கு?"

"ரிப்பன் கட்டினேன்."

டெஸ்மண்டுக்குச் சண்டை போட நேரமில்லை. "அதுல துளை போட்ட காசு ஒண்ணு இருந்துச்சே. அது?"

பாப்பாஸின் முகத்தில் சிரிப்பு மெல்ல இறங்கியது. "'ஒண்ணு சேதாரம், எடைக்குத்தான் எடுப்பேன்'னு சொன்னேனே. நீங்க அங்க சுவத்துல கூலர் விளம்பரத்தைப் படிச்சிட்டே 'எடுத்துக்க, எடுத்துக்க'ன்னீங்க."

"எடுத்து?"

"உருக்கற வாளியில போட்டேன். வாளி நேத்து மெல்போர்ன் போயிடுச்சு."

டெஸ்மண்ட் நாற்காலியில் உட்கார்ந்தார். நியூ கினியில் குண்டு மழைக்குத் தப்பிய காசு, அவர் 'எடுத்துக்க' என்று சொன்ன ஒரு சொல்லில் உருகிப்போயிருந்தது. தெல்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. அதைவிட, நோரீனின் முகம்.

மாமியார் செத்தபோது இந்தக் காசு யாருக்கு என்பதில்தான் அக்காவும் தங்கையும் முறுக்கிக்கொண்டார்கள். நாலு கிறிஸ்துமஸ் தனித்தனியாகக் கழிந்தது. நாலு வருஷமும் நோரீன் புட்டிங் செய்து, யாருக்கும் பிடிக்காமல், ஜனவரி முழுக்கத் தானே தின்று தீர்த்தாள். போன மாதம் தெல்மா தானே வந்து டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போன அன்று, நோரீன் பாத்திரம் தேய்த்துக்கொண்டே அழுதாள். கேட்டதற்கு, "வெங்காயம்" என்றாள். அன்று வீட்டில் வெங்காயமே இல்லை.

"தண்ணி வேணுமா தலைவரே?" என்று பாப்பாஸ் கேட்டார்.

"அதுக்கும் ரிப்பன் கட்டுவீங்களா?"

ஒரு பை காசை வாங்கிக்கொண்டு கிளம்பினார். வாசல்வரை போனவர் அப்படியே திரும்பினார். "அந்தக் கிண்ணம்! கடுகுக் கிண்ணம்!"

அது கண்ணாடிப் பெட்டிக்குள், வெல்வெட் துணிமேல், பளபளவென்று உட்கார்ந்திருந்தது. கறுப்பெல்லாம் போய்விட்டது. உள்ளே நீலக் கண்ணாடிக் குப்பி. முப்பது வருஷமாக அவர் கண்ணில் படாத அழகு. பக்கத்தில் விலைச்சீட்டு.

"பாப்பாஸ், நீங்க மனுஷனா?"

"கோவிச்சுக்காதீங்க. கரண்டி, சட்டம் இதெல்லாம் உருக்கத்தான் போகும். உருக்கறவன் நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு தர்றான், நான் உங்களுக்கு எழுபது தர்றேன். அந்த இருபத்தஞ்சுலதான் கடை வாடகை, கரெண்டு, எங்க மாமியார் மருந்து எல்லாம். அதுல எவனும் பணக்காரன் ஆகறதில்ல. நூறு சாமான்ல ஒண்ணு இந்த மாதிரி கிண்ணம் வரும் பாருங்க, அதுலதான் வியாபாரமே. வாங்கறப்போ அது வெள்ளி. விக்கறப்போ அது விக்டோரியா மகாராணி காலத்துக் கடுகுக் கிண்ணம்."

"நான் குடுக்கறப்போ மகாராணி எங்க போயிருந்தா?"

"நீங்க கேக்கலையே!"

கடைசியில், கூலரைக் கடையில் திருப்பிக் கொடுப்பதென்று டெஸ்மண்ட் முடிவு செய்தார். பெட்டியைப் பிரித்துவிட்டதால் கூலர் கடைக்காரன் கொஞ்சம் பிடித்துக்கொண்டான். மீதிக்குத் தன் மீன்பிடித் தூண்டிலையும் விற்றார். மாலைக்குள் கிண்ணம் கைக்கு வந்தது. இனி ஒரு துளைதானே, போட்டுவிடலாம் என்று நினைத்தார்.

துளை போடுவது அவ்வளவு எளிதாக இல்லை.

கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு டிரில் மெஷினை எடுத்தார். முதல் காசு ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு ஜன்னல் வழியாகப் பறந்து பக்கத்து வீட்டுப் புல்தரையில் எங்கோ விழுந்தது. இரண்டாவது காசில் துளை சரியாக விழுந்தது, ஆனால் காசில் இருந்த ராஜா ஜார்ஜின் மூக்கில். தெல்மா அதைப் பார்த்தால் அவர் மூக்கிலும் துளை விழும். மூன்றாவதுக்குக் கை நடுங்காமலிருக்க ஒரு பீர் குடித்தார். துளை விளிம்பில், தலைக்கு மேலே, இருக்க வேண்டிய இடத்தில் விழுந்தது.

ஆனால் இப்போது இரண்டு காசு குறைந்தது.

மறுநாள் பாப்பாஸ் முன்னால் நின்றபோது விலை மாறியிருந்தது.

"நேத்து இந்த விலை இல்லையே?"

"நேத்து கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஒரு நாள் கூட இருந்துச்சு தலைவரே."

சில்லறையில் தரமாட்டேன் என்று ஒரு முழுப் பையையே தலையில் கட்டினார் பாப்பாஸ். அதற்குக் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது. "இது வெள்ளியா?" என்று டெஸ்மண்ட் ஆசையோடு கேட்டார். "இல்ல, முலாம்" என்று பாப்பாஸ் சொல்லிவிட்டு, தராசைக்கூட எடுக்கவில்லை.

அடுத்த சிக்கல் பளபளப்பு. புதுத் துளையின் விளிம்பு வைரம் போல மின்னியது. எண்பது வருஷத் துளை அப்படி மின்னுமா? முட்டை பட்ட வெள்ளிக் கரண்டி கறுத்துப்போகும் என்று அவருக்குத் தெரியும். நோரீன் துணி காயப்போடப் போன நேரம் பார்த்து ஆறு முட்டையை வேகவைத்தார். உரித்துக்கொண்டிருக்கும்போது அவள் வந்துவிட்டாள்.

"எதுக்கு ஆறு முட்டை?"

"பசிக்குது."

"இப்பத்தானே சாப்பிட்டே?"

"அது போன பசி."

அவள் கூடையை இடுப்பில் வைத்தபடி அங்கேயே நின்றாள். வேறு வழியில்லாமல் டெஸ்மண்ட் ஒவ்வொரு முட்டையாக வெள்ளைக் கருவை மட்டும் விழுங்கி, மஞ்சள் கருவைத் தட்டில் ஒதுக்கினார்.

"அது ஏன் வேணாம்?"

"கொலஸ்ட்ரால்."

நோரீனின் கண்கள் கலங்கிவிட்டன. "எத்தனை வருஷமா சொல்றேன்! இப்பவாவது உடம்ப நினைச்சியே." அவர் நெற்றியில் ஒரு முத்தம் வைத்துவிட்டுப் போனாள். டெஸ்மண்டுக்கு அந்த முத்தம் திருட்டுச் சொத்து போலக் கனத்தது.

மஞ்சள் கருவை ஒரு டப்பாவில் பிசைந்து, அதற்குள் காசைப் புதைத்து மூடி வைத்தார். காலையில் அது அழகாகக் கறுத்திருந்தது. மிக அழகாக. மற்ற பதினொன்றுக்கு நடுவே சுடுகாட்டுக் கரி போலத் தனியாகத் தெரிந்தது. அவற்றையும் கறுக்கவைக்க வேண்டியதாயிற்று. முட்டை தீர்ந்ததால் பக்கத்து வீட்டில் கடன் வாங்கினார். ஒரு வழியாக எல்லாக் காசும் ஒரே நிறத்துக்கு வந்தன. துணியில் முடிந்து கிண்ணத்தில் போட்டு, கிண்ணத்தை அலமாரியில் வைத்துவிட்டு, நான்கு நாளில் முதல் தடவையாக நிம்மதியாக மூச்சுவிட்டார்.

ஞாயிறு காலையில் நோரீன் முடிச்சை அவிழ்த்தாள்.

"ஐயே! என்ன இப்படி முட்டை நாத்தம்? இந்த அழுக்கையா புட்டிங்குல போடறது?"

டெஸ்மண்ட் ஓடிவருவதற்குள், பல் தேய்க்கும் பசையைப் போட்டுப் பன்னிரண்டையும் தேய்த்துக் கழுவி, துண்டில் வரிசையாகப் பரப்பிவிட்டிருந்தாள். துளை முன்னைவிட அதிகமாக மின்னியது.

"அப்பா காசு எவ்வளவு அழகா இருக்கு பாரு" என்றாள் நோரீன். அவர் கண்ணெதிரே அந்தக் காசைக் கலவைக்குள் அழுத்தினாள். டெஸ்மண்டும் மரக்கரண்டியைப் பிடித்து ஒரு சுற்றுக் கிளறினார். கிளறும்போது எல்லோரும் ஒரு வேண்டுதல் வைப்பது வழக்கம். தெல்மாவுக்குக் கண்ணில் பூ விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். உடனே வெட்கப்பட்டு, பூ அந்த ஒரு நாளுக்கு மட்டும் விழுந்தால் போதும் என்று திருத்திக்கொண்டார்.

கிறிஸ்துமஸ் அன்று தெல்மாவுக்கு ஒரு கேடும் வந்திருக்கவில்லை. காரிலிருந்து இறங்கும்போதே வேலியில் ஆணி தளர்ந்திருப்பதைச் சொன்னாள். பின்னால் அவள் கணவர் கிளைவ், பழச் சாலட் கிண்ணத்தைச் சுமந்துகொண்டு வந்தார். கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார், பாவம்.

"உள்ள வா அக்கா" என்றாள் நோரீன். ஒரு கணம் இருவரும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். பிறகு தெல்மா தங்கையின் கழுத்துப்பட்டையைச் சரி செய்தாள். அதுவே கட்டிப்பிடித்ததுபோல நோரீனுக்கு முகம் மலர்ந்தது. டெஸ்மண்ட் பழச் சாலட் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு உள்ளே நழுவினார்.

இறால், ஹாம், வான்கோழி எல்லாம் வந்து போயின. திரையை இழுத்துவிட்டு, பிராந்தி ஊற்றிக் கொளுத்திய புட்டிங்கை நோரீன் கொண்டுவந்தபோது, அந்த நீலச் சுடரில் தெல்மா கைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து மேஜைமேல் வைப்பது தெரிந்தது.

"கிடைச்ச காசெல்லாம் இந்தத் தட்டுல வைங்க" என்றாள் தெல்மா. "மெதுவா மென்னு சாப்பிடுங்க."

முதல் காசு நோரீனுக்கு. இரண்டாவது தெல்மாவுக்கு. தட்டில் ஒவ்வொரு காசு விழும்போதும் டெஸ்மண்ட் உள்ளுக்குள் ஒரு தடவை செத்தார். எல்லோரும் மறுபடி வாங்கிக்கொண்டார்கள், பிறகு இன்னொரு தடவை. அவர் தட்டிலேயே மூன்று வந்தன. மூன்றிலும் துளை இல்லை.

புட்டிங் தீர்ந்துவிட்டது. தெல்மா எண்ணினாள். "பதினொண்ணு."

மறுபடி ஒரு தடவை எண்ணிவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்பா காசு எங்க நோரீன்?"

"நான் வச்சேன் அக்கா! என் கையால வச்சேன். டெஸ்மண்டும் பாத்தான். இல்ல டெஸ்?"

"பாத்தேன்! சத்தியமா பாத்தேன்!" முழு வாரத்தில் டெஸ்மண்ட் சொன்ன முதல் உண்மை அதுதான். அதைத்தான் யாரும் நம்புவதாகத் தெரியவில்லை.

தெல்மா கரண்டியால் கஸ்டர்டைக் கிளறினாள். மேஜை விரிப்பை உதறினாள். நாய் படுத்திருந்த இடத்தைச் சந்தேகத்தோடு பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்து, பூதக்கண்ணாடியை உள்ளே வைத்து, 'டக்' என்று மூடினாள்.

"நாலு வருஷம் நான் பத்திரமா வச்சிருந்தேன். உன்கிட்ட நாலு வாரம் தங்கலை."

"அக்கா..."

"என்கிட்ட ஒண்ணும் சொல்லாதே."

நோரீனின் உதடு துடித்தது. இந்தத் தடவை வெங்காயத்தின் மேல் பழி போடக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

டெஸ்மண்டால் தாங்க முடியவில்லை. தப்பெல்லாம் தன்னுடையது, இவள் ஏன் அழ வேண்டும்? சொல்லிவிட வேண்டும். கடை, வாளி, டிரில், முட்டை, எல்லாவற்றையும். தெல்மா கொல்லட்டும். ஆனால் எப்படி ஆரம்பிப்பது? அழுக்குத் தட்டுகளை வாரிக்கொண்டு சமையலறைக்குள் போனார். குழாயைத் திறந்துவிட்டு, சோப்பு நுரையைப் பார்த்து ஒத்திகை செய்தார். "தெல்மா, நான் ஒரு மடையன்..."

பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. திரும்பினார். கிளைவ்.

முகம் வெளிறி, கையில் ஒரு கண்ணாடித் தம்ளரோடு, அவர் கதவில் சாய்ந்து நின்றார்.

"சகலை" என்றார் தாழ்ந்த குரலில். "உங்க கொட்டகையில டிரில் மெஷின் இருக்குல்ல?"

டெஸ்மண்டின் கையிலிருந்த தட்டு நழுவி நுரைக்குள் விழுந்தது. தெரிந்துவிட்டது. எல்லாம் தெரிந்துவிட்டது.

"கிளைவ், நானே சொல்லிடறேன். தப்பு என்னோடதுதான். நோரீனுக்கு ஒண்ணும் தெரியாது..."

"நீங்க என்ன தப்பு பண்ணினீங்க? முதல்ல என்னைப் பேச விடுங்க, தைரியம் போயிடும்." கிளைவ் கதவிடுக்கு வழியாக வெளியே எட்டிப் பார்த்தார். "நாக்குல துளை தட்டுப்பட்டுச்சு. எடுக்கலாம்னு வாயத் திறந்தேன். 'கிளைவ், நிமிந்து உக்காரு'ன்னா தெல்மா. நிமிந்தேன். உள்ள போயிடுச்சு."

"அப்பா காசையா முழுங்கிட்டீங்க?"

"அப்பா காசை முழுங்கினது மாமியார் இருந்தப்போ, நான் பல்செட்டு கட்டின வருஷம். இது அதுக்கப்புறம் மூணாவது." கிளைவ் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே துளையில்லாத ஒரு மூன்று பென்ஸ் காசு, இன்னும் ஒரு துண்டுச் சிவப்பு ரிப்பனோடு. "ஒவ்வொரு டிசம்பருக்கும் அந்த கிரேக்கன் பாப்பாஸ் கடையில ஒரு பை வாங்கி, எதுக்கும் இருக்கட்டும்னு ஒண்ணைச் சட்டைப் பையில வச்சுக்கறேன். முன்னயெல்லாம் துளையை நானே போட்டுடுவேன். இப்ப கை நடுங்குது. எத்தனையோ வருஷமா யார்கிட்டயாவது கேக்கணும்னு இருந்தேன் சகலை, வெக்கமா இருந்துச்சு... அவ கார்ல ஏறதுக்குள்ள இதுல ஒரு துளை போட்டுத் தர்றீங்களா?"